விரல் விறைத்தால் வெடி வைக்கேலாது

கனடாவுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்பதெல்லாம் ஜாக்கெட்டைப் பற்றித்தான். எத்தனை வேண்டும், புறக்கோட்டையில் வாங்கலாமா, அங்கே போய் வாங்கலாமா, தொப்பி வைத்தது நல்லதா. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் வருடத்துக்கு நாலைந்து பேராவது பிள்ளைகளைப் பார்க்கவென்று ஐப்பசி, கார்த்திகையில் விமானம் ஏறுகிறார்கள். கையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானாக எடுத்துச் சொன்னாலும் "அதுக்கென்ன, ஒரு கிளவுஸ் போட்டாச் சரி" என்று முடித்துவிடுகிறார்கள்.

போன நவம்பரில் நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். அண்ணா ஸ்காபுறோவில் இருக்கிறார். பதினைந்து வருடமாக ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறார். இந்த முறை நானும் வந்து பக்கத்தில் இருக்கிறேன் என்று கேட்டு, அவர் இரண்டு கிழமை யோசித்துச் சம்மதித்து, ஹாலிபேர்ட்டன் பக்கத்துக் காட்டில் நாலு நாள் விடிய முதலே போய் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணித்தியாலம். அந்த நாலு நாளும் எனக்குக் கையைத் தவிர வேறு யோசனையே இல்லை என்று சொன்னால் நம்புங்கள்.

வேட்டை என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும். இங்கே 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மானும் மரையும் அதில் பாதுகாக்கப்பட்டவை, அது அப்படியே இருக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அண்ணா இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கதை வேறு. வேட்டைக்கென்று படித்துச் சோதனை பாஸ் பண்ணவேண்டும், துவக்கு வைத்திருக்க வேறு ஒரு படிப்பும் அனுமதிப்பத்திரமும், அப்புறம் மானுக்கென்று தனியாக லைசென்ஸும், ஒரு மானுக்கு ஒன்று என்று அதோடு வரும் சீட்டும். சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்னிருந்து மறைந்து அரை மணித்தியாலம் பின்வரை மட்டும்தான் சுடலாம். துவக்கு வேட்டைக் காலத்தில் தலையிலும் மேலுடம்பிலும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடுப்பு கட்டாயம். நான் துவக்கைத் தொடவில்லை, ஆனாலும் அண்ணா எனக்கும் அந்த நிறத்தில் ஒரு தொப்பியும் மேலங்கியும் தந்துதான் காருக்குள் ஏற்றினார்.

சரி, கைக்கு வருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பிரச்சினை உண்டு. நுவரெலியாவுக்குப் போனாலே, சிலவேளை ஏசி பலமாகப் போட்ட அலுவலகத்தில் இருந்தாலே, இரண்டு கையிலும் நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்துவிடும். பிறகு நீலம் பாரிக்கும். சூடு வந்த பிறகு சிவந்து சுள்சுள்ளென்று குத்தும். கொழும்பில் ஒரு டொக்டர்தான் அதற்குப் பெயர் சொன்னார்: ரேனோ. 1862 இல் இதை விவரித்து எழுதிய மொறிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். குளிர் பட்டதும் விரலில் இருக்கும் சின்ன இரத்தக்குழாய்கள் தேவைக்கு மேல் இறுகிவிடுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஆபத்தில்லை, ஆனால் சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசமாகும் என்றார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது விரல் இப்படி வெளுத்தால், குளிர் நாட்டுக்குப் போகமுதல் ஒருதரம் டொக்டரிடம் காட்டுங்கள், வேறு நோய்க்கு அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

அதனால் நான் கையுறை வாங்குவதில் அக்கறையாகத்தான் இருந்தேன். கட்டுநாயக்க வலயத்தில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சும் குளிர் உடுப்புகள் கொழும்பில் மலிவாகக் கிடைப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கடையில் தடித்த உள்துணி வைத்த தோல் கையுறை ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக, வடிவாக, கைக்கென்றே தைத்ததுபோல இருந்தது. கடைக்காரரும் "இப்பிடித்தான் மிஸ் பிடிச்சமாதிரி இருக்கவேணும், அப்பத்தான் குளிர் உள்ளுக்கு வராது" என்றார். வாங்கிவிட்டேன்.

முதல் நாள் காலை மைனஸ் 10 பாகை. காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் அடித்தது. கனடாவில் காற்றையும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்வார்கள், அந்தக் கணக்கின்படி தோலுக்கு அது மைனஸ் 18. கொழும்பில் தை மாத விடியற்காலையில் 22 பாகைக்கு இறங்கினாலே போர்வையைத் தேடுகிற உடம்பு என்னுடையது. அண்ணாவின் பரண் ஒரு சரிவின் ஓரத்தில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. ஏறி உட்கார்ந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கு விரல் நுனி இல்லாமல் போய்விட்டது. அண்ணா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அந்தக் கையுறையை உரித்தெடுத்தார். உரிக்கத்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். உள்ளே நாலு விரலும் வெள்ளை.

அவர் தன் பையிலிருந்து எடுத்துத் தந்தது இரண்டு அளவு பெரிதான, விரல் பிரிக்காத உறை. அங்கே அதை மிட்டன் என்கிறார்கள். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நாலுக்கும் ஒரே அறை. அதற்குள் கை விட்டபோது தொளதொளவென்று இருந்தது, இதற்குள் எப்படிச் சூடு வரும் என்று நினைத்தேன். வந்தது. கால் மணித்தியாலத்தில் குத்தத் தொடங்கியது, குத்தத் தொடங்கினால் இரத்தம் வருகிறது என்று அர்த்தம்.

அன்று இரவு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கையுறை தானாகச் சூடு தராது, கைக்கு வரும் சூட்டைத்தான் பிடித்து வைத்திருக்கும். பிடித்து வைப்பது துணியைவிட அதற்குள் நிற்கும் காற்றுத்தான். இறுக்கமான உறைக்குள் காற்றுக்கு இடமில்லை, போதாததற்கு அது விரலை நெரித்து வருகிற இரத்தத்தையும் மறிக்கிறது. விரல் விரலாகப் பிரித்துத் தைத்த கையுறையில் ஒவ்வொரு விரலும் தனியாக நாலாபக்கமும் சூட்டை விடுகிறது. மிட்டனுக்குள் நாலும் ஒன்றாகக் கிடக்கும்போது, ஒரு போர்வைக்குள் நாலு பிள்ளைகள் நெருக்கிப் படுத்தால் எப்படியோ அப்படி. அளவு பார்க்கும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பளி உறையும் போட்டு, அதோடு விரலை மடக்கி முஷ்டி பிடிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லையென்றால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் மிட்டனோடு துவக்குப் பிடிக்க முடியாது. அங்கேதான் வேட்டைக்காரருடைய சிக்கலே இருக்கிறது. பனியில் சறுக்கி விளையாடுகிறவர் எவ்வளவு தடிப்பான உறையும் போடலாம், உடம்பும் அசைந்துகொண்டே இருக்கும். மானுக்குக் காத்திருப்பவர் மணிக்கணக்கில் அசையக்கூடாது. கையில் இருப்பதோ உருக்கு, உருக்கு தொட்ட இடத்தில் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் அண்ணா துவக்கை எப்போதும் மரப்பகுதியில்தான் பிடிப்பார். கடைசியில் அந்த ஒரு நொடிக்கு, விசை மேல் வைக்கும் சுட்டுவிரல் மட்டும் வெறும் விரலாகவோ மெல்லிய துணிக்குள்ளோ இருக்கவேண்டும். தடித்த கையுறையோடு விசைக்குள் விரலை விட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது, தெரியாமலே வெடித்துவிடும்.

இதற்கு அண்ணா பாவிப்பது இடுப்பில் கட்டும் ஒரு பை. இரண்டு பக்கமும் திறந்த, உள்ளே மென்மயிர்த் துணி வைத்த ஒரு குழாய் என்று வையுங்கள். மஃப் என்று பெயர். இரண்டு கையையும் இரண்டு பக்கத்தால் விட்டு வயிற்றோடு வைத்துக்கொள்வார். கையில் மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி உறை மட்டும். அந்தப் பைக்குள் சூட்டுப் பொட்டலம் இரண்டு. தேவையான நேரம் கையை இழுத்தால் அடுத்த நொடி துவக்கில் இருக்கும். எத்தனையோ வகைக் கையுறையும், மேல்பாதி மடித்துத் திறக்கும் மிட்டனும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இதில்தான் வந்து நின்றாராம். அசையாமல் உட்காருகிற எந்த வேலைக்கும், பறவைப் படம் எடுக்கிறவர்களுக்குக்கூட, இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

சூட்டுப் பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஜப்பானில் கைரோ என்பார்கள். உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம், அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு தாதுப்பொருள். மேலுறையைக் கிழித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது, அந்தத் துருப்பிடிக்கிற சூடுதான் நம் கைக்கு வருவது. வெள்ளவத்தையில் உப்புக் காற்று எங்கள் யன்னல் கம்பிகளை அரிப்பதும் இதே வேலைதான். இங்கே வருடக்கணக்கில் மெல்ல நடப்பதை அந்தப் பொட்டலம் எட்டுப் பத்து மணித்தியாலத்தில் செய்துமுடிக்கிறது. காற்று வேண்டும் என்பதால் இறுகப் பொத்தி வைத்தால் சூடு குறையும். அதே காரணத்தால், பாதியில் வேலை முடிந்துவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் போட்டு மூடிவைத்து அடுத்த நாளும் பாவிக்கலாம். பரணில் ஏற இருபது நிமிடம் முன்பே கிழித்துக் குலுக்கிவைத்துவிடவேண்டும், கை விறைத்த பிறகு கிழித்தால் அது சூடாகும் வரை கை தாங்காது. வெறும் தோலில் நேராக வைக்காதீர்கள், விறைத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். பற்றரியில் ஓடும் சூட்டுக் கருவிகளும் இருக்கின்றன, ஆனால் குளிர் கூடினால் பற்றரியின் சக்தி சட்டென்று குறைந்துவிடுகிறது, அண்ணா அதை நம்புவதில்லை.

இரண்டாம் நாள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம். தெரியாத ஒன்று மிச்சம் இருந்தது.

காரை விட்டு இறங்கிப் பரணுக்கு அரை மணித்தியாலம் நடக்கவேண்டும், ஏற்றம். கொழும்புக்காரி அல்லவா, குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டு கழுத்துவரை சிப் இழுத்து, மிட்டனும் போட்டுக்கொண்டு நடந்தேன். பரணுக்கு வந்தபோது முதுகு முழுக்க வேர்வை, உள்ளங்கை ஈரம். உள்ளே போட்டிருந்ததோ பருத்திச் சட்டை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், பருத்தி அந்த ஈரத்தை விடாமல் தோலோடு ஒட்டிவைத்திருக்கும். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் முதுகில் ஐஸ் வைத்ததுபோல ஆனது. பிறகு கை. மிட்டன் இருந்தது, பொட்டலம் இருந்தது, ஆனாலும் விரல் வெளுக்கத் தொடங்கியது.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன், ஜாக்கெட் பற்றிக் கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான். கையின் குளிர் கையில் தொடங்குவதில்லை. உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் மூளையையும் 37 பாகையில் வைத்திருக்கப் பாடுபடுகிறது. நடு உடம்பு குளிர்கிறது என்று தெரிந்தவுடனே கைக்கும் காலுக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. கையில் தசை குறைவு, தானாகச் சூடு உண்டாக்க அதனால் முடியாது, இரத்தம் கொண்டுவரும் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. முதுகு ஈரமாக இருந்தால் எந்தக் கையுறை போட்டும் பலனில்லை.

1930 இல் தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் ஒன்றைக் கண்டு எழுதினார். விரலை ஐஸ் தண்ணீரில் வைத்தால் முதலில் இரத்தக்குழாய் இறுகி விரல் குளிர்ந்துபோகிறது, ஐந்து பத்து நிமிடத்தில் தானாகத் திறந்து கொஞ்சம் சூடாகிறது, மறுபடி இறுகுகிறது, மறுபடி திறக்கிறது. இதற்கு ஹன்டிங் ரியாக்ஷன் என்று பெயர். நான் முதலில் வேட்டைக்காரரை வைத்துத்தான் இந்தப் பெயர் வந்ததென்று நினைத்தேன், அப்படியில்லை, விரலின் சூடு ஏறி இறங்கி ஓரிடத்தில் நில்லாமல் தேடி அலைவதால் வந்த பெயர். குளிர்ந்த தண்ணீரில் வருடக்கணக்காகக் கைவைத்து வேலை செய்யும் மீனவர்களுக்கு இந்தத் திறப்பு நன்றாக நடக்கும். நடு உடம்பு குளிர்ந்துபோனால் அதுவும் மங்கிவிடும். பதினைந்து வருடம் பனியில் இருந்த அண்ணாவின் கையும் கொழும்பிலிருந்து போன என் கையும் ஒன்றில்லை, அவர் போட்டிருப்பதைப் பார்த்து நான் அளவு எடுக்கக்கூடாது.

சரி, அந்த இரண்டாம் நாள். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் என் விரல்களைப் பார்த்துவிட்டு அண்ணா தன் இடுப்பிலிருந்த மஃபைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். "பிள்ளை, கையை வெளியில வைச்சிருக்காதை" என்று மட்டும் சொன்னார், அதுவும் காதுக்குள். அவர் கையில் மெல்லிய உறை மட்டும். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்த நேரம், சரிவின் கீழே மரங்களுக்கிடையில் ஒரு ஆண் மான் வந்து நின்றது. வெண்வால் மான். அறுபது யார் தூரம் இருக்கும். நான் வாழ்நாளில் அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய மானைப் பார்த்ததில்லை. மூக்கிலிருந்து வரும் ஆவி தெரிந்தது.

அண்ணா துவக்கை மெல்ல எடுத்தார். எடுத்தவர் வலது கைக் கட்டைவிரலால் சின்னவிரலைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சுட்டுவிரலை. பிறகு துவக்கை மடியில் வைத்துவிட்டார். மான் கொஞ்ச நேரம் நின்றது, ஏதோ மோப்பம் பிடித்தது, போய்விட்டது.

"ஏன் அண்ணா?"

"என்ர விரல் எனக்குத் தெரியேல்ல பிள்ளை. தெரியாத விரலை நம்பி வெடி வைக்கேலாது."

காருக்கு நடந்து வரும்போது அவர் அதைப் பற்றி வருத்தமாக ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்கமுடியவில்லை. அவர் மூன்று மாதமாகத் திட்டம் போட்டு, லீவு எடுத்து, வருடத்தில் ஒரேயொரு சீட்டை வைத்துக்கொண்டு வந்தவர், என் ஈரச் சட்டையால் அவருடைய விரல் விறைத்தது. ஆனால் அவர் சுடாமல் விட்டதற்காக அவர்மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விரல் தோலின் வெப்பம் 15 பாகைக்குக் கீழே போகும்போதே நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்கும், 8 பாகை அளவில் தொடு உணர்வே மங்கிவிடும். அந்த விரலால் சுட்டால் குறி தவறி மான் வயிற்றில் காயத்தோடு ஓடும், இரவு முழுக்க எங்கேயோ கிடந்து சாகும். அதைச் செய்யக்கூடாது என்பதற்காக அவர் ஒவ்வொரு தரமும் துவக்கைத் தூக்கமுதல் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுப் பார்க்கிறார். சின்னவிரலை எட்டித் தொட முடியாவிட்டால் அன்றைக்குத் துவக்கு மடியில்தான்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது என்றார் அண்ணா, எனக்கு அது புதுச் செய்தி. வன்னியில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அப்பா காலபோக வயலுக்குப் பன்றிக் காவல் போவார், அனுமதிப்பத்திரத் துவக்கோடு. மார்கழிப் பனியும் வாடைக்காற்றும் சேர்ந்தால் பரணில் கை விறைக்கும். எங்கள் வன்னிக் குளிர் ஒன்ராறியோவுக்குப் பக்கத்தில் வராது, ஆனால் சாரமும் ஒரு துவாயும் மட்டும் கட்டிக்கொண்டு விடியும்வரை இருப்பவருக்கு அதுவே போதும். அப்பா அரிக்கன் லாம்பைக் கால்களுக்கிடையில் வைத்து, மேலே சாக்கால் மூடி, இரண்டு கையையும் அந்தச் சாக்குக்குள் விட்டு வைத்திருப்பாராம். நன்றாக யோசித்துப் பார்த்தால் அண்ணாவின் மஃபும் அதுதான். அப்பா விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துவக்கில் கைவைப்பார் என்றும், ஒருநாள் விறைத்த கையால் தோட்டாப் போடப் போய்க் கீழே விழுத்திய பிறகு வந்த பழக்கம் அது என்றும் அண்ணா சொன்னார்.

மூன்றாம் நாளிலிருந்து நான் அண்ணா சொன்னபடியே எல்லாம் செய்தேன். தோலோடு மெரினோ, அதற்கு மேல் தடித்த கம்பளி, ஆகவும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி ஒன்றும் இல்லை. கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டை வைத்திருக்கும். நடக்கும்போது ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் குளிரக் குளிரவே நடந்தேன். பரணுக்குக் கீழே வந்ததும் மேசும் உள்ளுறையும் மாற்றிக்கொண்டேன். ஏறமுதல் இரண்டு கையையும் தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது தரம் சுழற்றினேன், சுழற்சியில் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படுகிறது. மேலே ஏறிய பிறகு அப்படிச் செய்தால் மான் கண்டுவிடும். மேலே இருக்கும்போது தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விடவேண்டும், வெளியில் அசைவு தெரியாது, உள்ளே சூடு வரும். சாப்பாட்டுக்கு அண்ணி எள்ளுருண்டை கட்டித் தந்திருந்தார், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. வெறும் வயிற்றோடு இருந்தால் உடம்பு எதை எரித்துச் சூடு உண்டாக்கும்?

பிளாஸ்கில் கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோகலாம் என்றேன், அண்ணா மறித்துவிட்டார். மானின் மூக்குக்கு அந்த வாசம் எங்கேயோ எட்டும். சீனி போட்ட சுடுதண்ணிதான். நம் வீடுகளில் கை விறைத்தால் தைலம் பூசுகிறோமே, அதுவும் கூடாது. வாசம் ஒரு பக்கம், தைலம் தோலுக்குச் சூடுபோல ஒரு உணர்வைத் தருமே தவிர விரலைச் சூடாக்காது, குளிர்வது தெரியாமல் போய்விடும். கள்ளும் சாராயமும் அப்படித்தான், தோலுக்கு இரத்தம் வந்து சூடுபோல இருக்கும், அந்த வழியால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். துவக்கு இருக்கிற இடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது மணிக்கட்டு. ஜாக்கெட் கை முடிந்து கையுறை தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கும், நாடி பார்க்கும் அதே இடம். இரத்தக்குழாய் தோலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது, கைக்குப் போகிற இரத்தம் அந்த இடத்திலேயே குளிர்ந்துவிடுகிறது. இன்னொன்று, விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை விரலில் இல்லை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றன, அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு வருகின்றன. முன்கை குளிர்ந்தால் விரல் மெத்தனமாகிவிடும். அண்ணி பழைய கம்பளி மேசின் பாதத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை முழங்கைக்குக் கிட்ட வரை இழுத்துவிட்டார், பொட்டலம் ஒன்றை உள்மணிக்கட்டில் அந்த மேசுக்கு மேலால் வைத்தார். அந்த நாள் முழுக்க என் விரல் ஒருதரம்கூட வெளுக்கவில்லை.

நாலாம் நாள் காலை அண்ணாவுக்கு மான் கிடைத்தது. ஒரே வெடி, நின்ற இடத்திலேயே விழுந்தது. பிறகு வயிற்றைத் திறந்து சுத்தம் செய்யும்போது கை நனையும், நனைந்த கை காற்றில் நிமிடக் கணக்கில் விறைக்கும், அதனால் கம்பளி உறைக்கு மேல் இறப்பர் கையுறை போட்டுக்கொண்டார். பெட்டியைத் திருப்பிக் காட்டினார், இலங்கைத் தயாரிப்பு என்று எழுதியிருந்தது. இறைச்சியை ஸ்காபுறோவில் ஐந்து வீட்டுக்குப் பங்கிட்டோம்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். விரல் நுனியோ காதோ வெளுத்து உணர்வில்லாமல் போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்கவே வேண்டாம், நெருப்பிலும் காட்டாதீர்கள். கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள். தோல் மெழுகுபோலக் கெட்டியாக, அழுத்தினால் பதியாமல் இருந்தால் அது வேறு நிலைமை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வழியில் மறுபடி உறையக்கூடும் என்றால் நடுவில் இளக்கவே கூடாது, இளகி மறுபடி உறைந்தால் சேதம் அதிகம். இளக்குவதென்றால் 37 முதல் 39 பாகைத் தண்ணீரில், கொதிதண்ணியில் இல்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் மணிக்கட்டுக் கதையைச் சொன்னேன். அடுத்த கிழமையே புறக்கோட்டையில் கம்பளி நூல் வாங்கிவரச் சொல்லி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கு மட்டும் துளை வைத்து, முழங்கைவரை நீளமாக ஒரு சோடி பின்னினார். தை மாதம் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டன் சமவெளிக்குப் போய்ப் பார்த்தேன். காலை ஆறு மணி, வாசலில் நின்ற எல்லாரும் கையைக் கமக்கட்டுக்குள் வைத்திருந்தார்கள். மூடுபனிக்குள் இரண்டு மரை நின்று மேய்ந்தன. கையுறை இல்லாமல் அந்தப் பின்னலோடு மட்டும் ஒரு மணித்தியாலம் நின்றேன், விரல் வெளுக்கவில்லை.

அடுத்த சோடியை அண்ணாவுக்கு அனுப்பினோம். நேற்று இரவு வீடியோவில் போட்டுக் காட்டினார். நீளம் சரி, இறுக்கம் சரி, வலது கையில் கட்டைவிரல் துளைக்குப் பக்கத்தில் பின்னல் கொஞ்சம் நீண்டு சுட்டுவிரலின் அடியில் முட்டுகிறது, விசையில் கைவைக்கும்போது மடிகிறதாம். அம்மா விடியவே எழும்பி மூன்றாவது சோடியில் அந்த இரண்டு வரியையும் பிரித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவர் ரொறன்ரோ போகிறார், அதற்குள் முடிக்கவேண்டும்.